அடுத்தவர் ஆல்பத்தில் அம்மாவைத் தேடுகிறேன்

கெடிலக்கரை:
சொந்த ஊர் கடலூர் தேவனாம்பட்டினம், இப்போது இருப்பது அதே ஊர் மஞ்சக்குப்பம். எங்கள் வீட்டில் அம்மாவின் படம் ஒன்றுகூட இல்லை. முன்பு மூன்று இருந்தன. கல்யாணத்தன்று அப்பாவோடு நின்று எடுத்தது ஒன்று, தம்பியை மடியில் வைத்து ஸ்டுடியோவில் எடுத்தது ஒன்று, அப்புறம் ஏதோ விண்ணப்பத்துக்காக எடுத்த பாஸ்போர்ட் சைஸ். அம்மா இறந்தது 1998-ல், எனக்கு அப்போது பதினொரு வயது. படங்கள் போனது 2004 டிசம்பர் 26, அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், தகரப்பெட்டியோடு. ஆட்கள் பிழைத்தோம். பெட்டியைப் பற்றி யாரும் பேசவில்லை, பேசுகிற நிலையிலும் இல்லை. அடுத்து வந்த அம்மாவின் திதியில் பூச்சரத்தை வாங்கி வந்த பிறகுதான் அதை மாட்டுவதற்குப் படம் இல்லை என்பதே உறைத்தது. அப்பா சரத்தைக் கையில் வைத்துக்கொண்டு சுவரையே பார்த்தபடி நின்றார்.

இப்போது என் மகள், ஆயா எப்படி இருப்பாங்க என்று கேட்கிறாள். சொல்லத் தொடங்கினால் எனக்கே முகம் கூடி வரவில்லை. கை வருகிறது. மணலில் காயும் நெத்திலியைத் திருப்பிவிடுகிற கை, அம்மி நசுக்கிக் கறுத்துப்போன இடது கட்டைவிரல் நகம், எல்லாம் அப்படியே வருகிறது. முகம் மட்டும் நழுவிக்கொண்டே போகிறது.

அதனால் உறவுக்காரர்கள் வீட்டுப் பழைய ஆல்பங்களை ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கிப் பார்த்து வருகிறேன். யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும் அம்மா பந்தியில் நின்றிருக்கும், ஏதாவது ஒரு படத்தின் ஓரத்திலாவது விழுந்திருக்கும் என்று ஒரு நம்பிக்கை. நான்கு ஆல்பம் முடிந்துவிட்டது, இன்னும் கிடைக்கவில்லை.

இன்னொன்றும் செய்கிறேன். ஆறு வருஷமாகப் போனில் தினம் ஒரு படம், யாரும் போஸ் கொடுக்காத படம். அப்பா மாத்திரை அட்டையை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துத் தேதி பார்ப்பது, மகள் குனிந்து ஷூ லேஸ் கட்டுவது, இப்படி. இதுக்கெல்லாம் எதுக்குப் படம் என்று வீட்டுக்காரர் கேட்கிறார். படம் எடுக்க ஆரம்பித்த பிறகுதான் என் வீட்டையே நான் பார்க்க ஆரம்பித்தேன் என்பதை அவருக்கு எப்படிப் புரியவைப்பது? சாயங்காலம் நாலரை மணிக்குச் சமையலறைக்குள் வருகிற வெயில், தை மாதத்தில் அரிசி டிரம் வரைக்கும் நீள்கிறது, சித்திரையில் மேடையோடு நின்றுவிடுகிறது. இந்த வீட்டுக்கு வந்து பத்து வருஷம் வரை இதை நான் கவனித்ததே இல்லை.

நீங்கள் எதைப் படம் எடுக்கிறீர்கள்? எதை எடுக்காமல் விட்டோமே என்று நினைக்கிறீர்கள்? சொல்லுங்களேன்.

பலாமரத்தடி:
அம்மா, நீ தேடுவது கிடைக்கட்டும், மனதார வேண்டிக்கொள்கிறேன். ஆனால் தினம் ஒரு படம் என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை, ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். போன மாசி மகத்துக்கு உங்கள் ஊர்க் கடற்கரைக்குத்தான் வந்திருந்தேன். சாமி தீர்த்தவாரிக்கு இறங்கும்போது எல்லோர் கையும் மேலே போனது, கும்பிட அல்ல, போனைப் பிடிக்க. எனக்கு முன்னால் நின்றவர் தீர்த்தவாரி முழுவதையும் அந்தச் சின்னக் கண்ணாடிக்குள்ளேயே பார்த்துவிட்டு, சாமி கரையேறியதும் திரும்பி நடந்துவிட்டார். ஒரு தடவைகூடக் கண்ணை எடுத்து நேரில் பார்க்கவில்லை.

எங்களுக்குப் பண்ருட்டிப் பக்கம். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயலில் முந்திரித் தோப்பும் போச்சு, தாத்தா வைத்த பலாவும் போச்சு. அந்த மரத்துக்குப் படம் கிடையாது. ஆனால் கண்ணை மூடினால் மரம் நிற்கிறது. ஆளுயரத்தில் இரண்டாகப் பிரியும். வடக்குக் கிளையில்தான் முதல் பிஞ்சு விடும். தெற்குக் கிளையில் ஊஞ்சல் கயிறு தேய்த்த தழும்பு. பட்டை வெயில் பட்ட பக்கம் ஒரு நிறம், படாத பக்கம் ஒரு நிறம். நாற்பது வருஷம் பார்த்ததால் மனதில் நின்றது. அன்றைக்கே படம் எடுத்திருந்தால், எடுத்தாயிற்று என்று அதோடு விட்டிருப்பேன்.

மஞ்சக்குப்பம் 607001:
எடுக்காமல் விட்டது என்றால் எங்கள் பழைய வீட்டு நடை. வீட்டை இடிக்கிற அன்றைக்குக்கூட எல்லோரும் வாசலில் நின்று குரூப் போட்டோ எடுத்தோம், உள்ளே போய் நடையை எடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

லாஸ்பேட்டை வாசி:
பலாமரத்தடி ஐயா சொல்வதற்கு ஆராய்ச்சியே இருக்கிறது, ஆனால் பாதிக்குத்தான். நான் உளவியல் பாடம் எடுப்பவள். லிண்டா ஹெங்கல் என்ற அமெரிக்க ஆய்வாளர் 2014-ல் வெளியிட்டது அது. ஆட்களை ஓர் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போய், சில பொருட்களைப் படம் எடுக்கச் சொன்னார், சிலவற்றைப் பார்க்க மட்டும் சொன்னார். மறுநாள் சோதித்ததில் படம் எடுத்த பொருட்கள்தான் குறைவாக நினைவில் இருந்தன. கேமரா பார்த்துக்கொள்ளும் என்று மனது பொறுப்பைக் கைமாற்றிவிடுகிறது என்பது அவர் விளக்கம். ஐயா சொன்ன எடுத்தாயிற்று, விட்டாயிற்று அதுதான். ஆனால் அதே ஆய்வில் இன்னொன்றும் வந்தது. பொருளின் ஒரு பகுதியை மட்டும் ஜூம் செய்து எடுத்தவர்களுக்கு நினைவு குறையவில்லை, அந்தப் பகுதி மட்டுமல்ல, படத்தில் வராத பகுதிகூட நினைவில் இருந்தது.

2017-ல் வேறு சிலர் செய்த ஆய்வில், எதை எடுப்பது என்பதை ஆட்களின் விருப்பத்துக்கே விட்டார்கள். படம் எடுத்தவர்களுக்குக் கண்ணால் பார்த்தது கூடுதலாக நினைவிருந்தது, காதால் கேட்டது குறைந்துபோயிருந்தது. இதைப் படித்த அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் கலக்கமாகவே இருந்தது. எங்கள் பாட்டிக்கு என்னிடம் நூறு படம் இருக்கும். ஆனால் அவர் கதவுக்கு வெளியே நின்று என்னை எப்படிக் கூப்பிடுவார் என்று யோசித்தால், குரல் வரவில்லை.

அதிலிருந்து ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். படம் எடுத்தால் அதன் கீழே அப்போது கேட்ட சத்தத்தை எழுதிவிடுவது. காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் எடுத்த ஒரு படம் இருக்கிறது, பழைய துணி விற்கிறவர் ஒரு சட்டையை உதறிக் காட்டுகிறார், அவ்வளவுதான். கீழே எழுதியிருப்பது: “சட்டையை உதறும்போது சாட்டை மாதிரி ஒரு சத்தம், பின்னால் குழந்தை பலூன் கேட்டு அழுகிறது, அவர் ‘நூறுக்கு மூணு’ என்று பாட்டு மாதிரி இழுக்கிறார்.” இதை எழுதாமல் விட்டிருந்தால் இப்போது எனக்கு அந்தச் சட்டை மட்டும்தான் மிஞ்சியிருக்கும்.

கெடிலக்கரை, நீங்களும் எழுதுங்கள். அப்பா சொல்லும் வார்த்தைகளை அப்படியே எழுதுங்கள்.

இருட்டறை:
கடலூர் ஓ.டி.யில், அதாவது பழைய டவுனில், முப்பது வருஷம் ஸ்டுடியோ வைத்திருந்தவன் நான். 1976-ல் எடுபிடியாகச் சேர்ந்தேன். முதலில் கையில் கிடைத்தது ஆக்ஃபா கிளிக் 3. ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு படம். பன்னிரண்டே என்பதால், பொத்தானை அமுக்குவதற்கு முன்னால் பார்த்தே ஆக வேண்டும். ஆள் மூச்சை விட்டபிறகு அமுக்கணும், இழுத்துப் பிடித்திருக்கும்போது அமுக்கினால் தோள் தூக்கிக்கொண்டு நிற்கும் என்று எங்கள் முதலாளி சொல்லிக்கொடுத்தார். இன்றைக்கும் எதிரே யார் உட்கார்ந்தாலும் நான் முதலில் பார்ப்பது அவர்கள் தோளைத்தான்.

இருட்டறை என்று பெயர் வைத்துக்கொண்டதற்கும் காரணம் உண்டு. சிவப்பு விளக்கில் வெள்ளைத் தாள் டெவலப்பர் தண்ணீருக்குள் கிடக்கும். தட்டை லேசாக ஆட்டிக்கொண்டே இருக்கணும். முதலில் தலைமுடி வரும், அப்புறம் கண், புருவம், கறுப்பான இடமெல்லாம் முதலில், கன்னம் கடைசியில். ஒவ்வொரு முகமும் அப்படிக் கண்ணிலிருந்து எழுந்து வருவதை ஆயிரக்கணக்கான தடவை பார்த்திருக்கிறேன், ஒரு தடவைகூடச் சலித்தது இல்லை. வந்ததும் எடுத்து, படத்தை அப்படியே நிறுத்திவைக்கும் ஹைப்போ கரைசலில் போட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் முகம் கறுத்துப் போய்விடும்.

சுனாமி முடிந்து இரண்டு மூன்று நாளில் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். பிளாஸ்டிக் வாளியில், சாக்குப் பையில், சேறும் மணலுமாக ஆல்பங்கள். பணம் கொடுக்க யாரிடமும் இல்லை, நானும் கேட்கவில்லை. அப்போது கற்றுக்கொண்டதை இங்கே எழுதி வைக்கிறேன், 2015 வெள்ளத்திலும் இது உதவியது. நனைந்த படங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள், காயவும் விடாதீர்கள். ஒட்டியபடியே காய்ந்துவிட்டால் பிரிப்பது பெரும்பாடு. சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் ஊற விட்டால் பல படங்கள் தானாகவே பிரிந்து வரும். முகப் பக்கத்தை விரலால் தேய்க்கக் கூடாது, மேல்பூச்சு ஊறிப் பாகு மாதிரி இருக்கும், கையோடு வந்துவிடும். முகம் மேலே பார்க்க நிழலில் பரப்பிக் காய வையுங்கள். நெகட்டிவ் என்றால் துணி கிளிப்பில் ஓரத்தைப் பிடித்துத் தொங்கவிட்டால் போதும். வீட்டு பிரிண்டரில் மை பீய்ச்சி எடுத்த படங்களுக்கு இது ஆகாது, கரைந்துவிடும்.

கெடிலக்கரை அம்மா, இனி ஆல்பம் பார்க்கும்போது படத்தின் பின்பக்கத்தையும் பாருங்கள். ஸ்டுடியோ முத்திரை இருக்கும், சிலதில் லேப் அச்சடித்த எண்ணும் இருக்கும். படம் ஒட்டும் ஆல்பத்தில் இருந்தால் இழுக்காதீர்கள். மெல்லிய நூலைப் பின்னால் விட்டு மெதுவாக அறுத்துக்கொண்டே போனால் கிழியாமல் வரும்.

வைத்திக்குப்பம்:
நான் புதுச்சேரி, படகு வீட்டுப் பையன். துறைமுகப் பாலத்தை மூன்று வருஷம், கடலுக்குப் போகாத நாளெல்லாம் காலையில் ஒரே இடத்தில் நின்று எடுத்தேன். சூரியன் கடலுக்குள்ளிருந்து வரும் ஊர் நம்முடையது, பாலத்துத் தூண்களுக்கு நடுவே அது எழும்புகிற இடம் மார்கழியில் தெற்கே போய் ஆனியில் வடக்கே வருவதை என் படங்களை வரிசையாக அடுக்கினால் பார்க்கலாம். 2022 மார்ச்சில் அலை அடித்துப் பாலம் நடுவே இடிந்து விழுந்தது. அன்றைக்குத்தான் ஊரே படம் எடுக்க வந்தது. நான் எடுக்கவில்லை, எடுக்க மனசு வரவில்லை. விழுந்த பாலத்தின் படம் எல்லோரிடமும் இருக்கிறது, சும்மா நின்ற பாலத்தின் படம் எத்தனை பேரிடம் இருக்கும்?

எங்கள் ஊரில் இன்னொரு விஷயம் நடந்திருக்கிறது. பிரெஞ்சுப் புகைப்படக்காரர் கார்த்தியே-பிரெஸ்ஸோன் 1950 ஏப்ரலில் புதுச்சேரி வந்து அரவிந்தரைப் படம் எடுத்தார். அதற்கு முன்பு கிட்டத்தட்ட முப்பது வருஷம் அரவிந்தரை யாருமே படம் எடுத்ததில்லை. அதே வருஷம் டிசம்பர் 5-ல் அவர் மறைந்துவிட்டார். அந்தக் கொஞ்ச நேரம் வாய்க்காமல் போயிருந்தால் வயதான அரவிந்தரின் முகம் நமக்குத் தெரிந்தே இருக்காது. அதை நினைக்கும்போதெல்லாம் இன்றைக்கு வேண்டாம், நாளைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று கேமராவை உள்ளே வைக்கப் போகிற என் கை நின்றுவிடும்.

எனக்கு ஒரே ஒரு கட்டுப்பாடு உண்டு. மனிதர்களை எடுத்தால் பிரிண்ட் போட்டுக் கொடுத்துவிட வேண்டும். மீன் விற்கும் ஓர் ஆயாவுக்குக் கொடுத்தேன், அதை அவர் பணம் வைக்கும் சுருக்குப் பையில் மடித்து வைத்துக்கொண்டார். மடிக்காதீங்க ஆயா என்றேன். இப்பதானே என்னோட இருக்கும் என்றார்.

மஞ்சக்குப்பம் 607001:
கெடிலக்கரை அக்கா, கும்பலில் மங்கலாக ஒரு முகம் கிடைத்தால்கூடப் போதும். ஏஐ ஆப்பில் கொடுத்தால் தெளிவாக்கித் தந்துவிடும். எங்கள் தாத்தா படத்தை அப்படித்தான் செய்து பெரிய சைஸில் மாட்டியிருக்கிறோம், அச்சு அசலாக இருக்கிறது.

இருட்டறை:
தம்பி, உங்கள் தாத்தா முகம் உங்களுக்குத் தெரியும், சரியாக வந்ததா இல்லையா என்று சொல்ல உங்களால் முடியும். இந்த அம்மாவுக்கு முகமே நழுவுகிறது என்கிறார். இல்லாத கண்ணையும் மூக்கையும் மெஷின் எங்கிருந்தோ எடுத்து வைத்துவிட்டால், நாளைக்கு அதுவே அம்மா என்று மனதில் பதிந்துவிடும். மிச்சம் இருக்கிற கொஞ்சமும் அதன் அடியில் போய்விடும்.

இதை நான் சொல்லலாமா என்று கேட்டால், எனக்குத்தான் சொல்ல உரிமை அதிகம். டச்சிங் செய்தே சோறு தின்றவன் நான். நெகட்டிவைக் கண்ணாடி மேல் வைத்து, கீழேயிருந்து வெளிச்சம் விட்டு, ஊசி மாதிரி சீவிய பென்சிலால் அம்மைத் தழும்பையும் மருவையும் மூடுவோம். நெகட்டிவில் பென்சில் பட்ட இடம் பிரிண்டில் வெளுப்பாக வரும். ஒரு பெண்ணுக்கு மேலுதட்டுக்கு மேலே ஒரு மரு, கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பும் படம், எடுத்துவிடுங்கள் என்றார்கள், எடுத்துவிட்டேன். பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து அவள் கணவர் அதே படத்தைக் கொண்டுவந்தார், பிரசவத்தில் போய்விட்டாளாம், பெரிதாக்கித் தர வேண்டும். தயங்கித் தயங்கிக் கேட்டார், அந்த மருவைத் திரும்ப வைக்க முடியுமா சார் என்று. வைத்துக் கொடுத்தேன். சரியான இடத்தில்தான் வைத்தேனா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

பலாமரத்தடி:
இருட்டறை அவர்கள் எழுதியதைப் படித்துவிட்டு நேற்று இரவு வெகுநேரம் தூங்கவில்லை. என் கட்சியை விடவில்லை, ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பலாமரத்தை என் பேரனுக்குக் காட்ட என்னிடம் வழியில்லை. நான் சொல்லச் சொல்ல அவன் தலையாட்டுகிறான், அவன் மனதில் நிற்பது வேறு ஏதோ மரம்.

தம்பி வைத்திக்குப்பம், பிரிண்ட் கொடுக்கும் பழக்கம் நல்ல பழக்கம். எடுப்பதற்கு முன்னால் கேட்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். தை ஐந்தாம் நாள் ஆற்றுத் திருவிழாவில், பெண்ணையாற்று மணலில் கிழங்கு விற்கும் ஓர் அம்மாவைச் சுற்றி நாலைந்து பேர் கேமராவோடு உட்கார்ந்துவிட்டார்கள். அவர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். மூடிய முகத்தையும் எடுத்தார்கள். கிழங்கு வாங்கியது ஒருவர்கூட இல்லை.

வைத்திக்குப்பம்:
சரிதான் ஐயா. கேட்கிறேன். வேண்டாம் என்றால் உள்ளே வைத்துவிடுவேன்.

லாஸ்பேட்டை வாசி:
ஸ்டுடியோ பற்றிப் பேச்சு வந்ததால் இது. புதுச்சேரியில் 1955-லிருந்து இயங்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் தமிழ்நாட்டுக் கோயில்கள், சிற்பங்களின் படங்கள் லட்சத்துக்கு மேல் இருக்கின்றன. அங்கிருக்கும் ஆய்வாளர்கள் தமிழ்நாட்டின் பழைய போட்டோ ஸ்டுடியோக்களைத் தேடிப் போய், கண்ணாடி நெகட்டிவ்களையும் குடும்பப் படங்களையும் ஸ்கேன் செய்து பாதுகாக்கும் வேலையையும் செய்திருக்கிறார்கள், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு. யார் பரணிலாவது ஸ்டுடியோ டப்பாக்கள் கிடந்தால் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள், தயவுசெய்து.

கெடிலக்கரை (மூன்று வாரம் கழித்து):
கிடைத்தது.

சிங்காரத்தோப்பில் பெரியம்மா மகள் கல்யாண ஆல்பம், 1993. மணமக்கள் இலையில் உட்கார்ந்து ஒருவருக்கொருவர் ஊட்டிக்கொள்கிற படம். பின்னால் பந்தி வரிசை. வலது ஓரத்தில், வேலை செய்யும்போது செருகுகிற மாதிரி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, ஒரு பெண் சாம்பார் வாளியோடு போகிறாள். யாரோ கூப்பிட்டிருக்க வேண்டும், தலை பாதி திரும்பியிருக்கிறது. எனக்கு முதலில் தெரிந்தது முகம் இல்லை, வாளிப் பிடியைப் பிடித்திருந்த கை. இடது கட்டைவிரல், கறுத்த நகம். மூச்சை இழுத்தது நின்றுவிட்டது எனக்கு. அதற்கப்புறம்தான் மேலே பார்த்தேன். காது தெரிகிறது, கம்மலில் ஃப்ளாஷ் பட்டு ஒரு புள்ளி வெளிச்சம். கன்னம் தெரிகிறது. கண் இருக்கும் இடம் இருட்டு.

ஐயா சொன்னபடி இழுக்கவில்லை. அக்கா வீட்டுக்காரரிடம் இருந்த மெல்லிய தூண்டில் நரம்பை வாங்கி, பின்னால் விட்டு, அரை மணி நேரம் எடுத்து அறுத்து எடுத்தேன். ஓரம் மட்டும் கொஞ்சம் சுருண்டது. பின்பக்கம் ஓ.டி. ஸ்டுடியோ ஒன்றின் ரப்பர் முத்திரை பாதி அழிந்து இருக்கிறது, 17 என்று எண்ணும் இருக்கிறது.

மகளிடம் காட்டினேன். இவங்க எங்க போறாங்க என்று கேட்டாள். பரிமாறப் போறாங்க என்றேன். யாருக்கு என்றாள். அந்த வரிசையில் இருந்த ஒவ்வொருவரும் யார் என்று தெரிந்துகொள்ள அப்பாவைக் கூப்பிட்டு உட்கார வைத்தோம். அப்பா அன்றைக்குப் பேசிய அளவு இந்த இருபது வருஷத்தில் பேசியதில்லை. லாஸ்பேட்டை அக்கா சொன்னபடி எல்லாவற்றையும் எழுதிவிட்டேன், நாலு பக்கம் வந்தது. அதில் ஒரு வரி: “உங்கம்மா யார் கூப்பிட்டாலும் ‘தோ’ன்னு தான் சொல்லும், ‘வரேன்’னு சொல்லாது.” படித்ததும் எனக்கு அந்த ‘தோ’ காதில் கேட்டது.

ஏஐ எதிலும் போடவில்லை.

இருட்டறை:
அந்த முத்திரை யாருடையது என்று நீ தனியாக அனுப்பிய படத்தில் பார்த்ததும் தெரிந்துவிட்டது. அவர் போய்ச் சேர்ந்து பத்து வருஷமாகிறது. பையன் வீட்டு மேல்மாடியில் நெகட்டிவ் டப்பாக்கள் இருக்கின்றன, நேற்றுப் போய்க் கேட்டுவிட்டேன். 1993 டப்பா வெள்ளத்தில் நனையவில்லை.

ஏன் அவசரப்படுகிறேன் என்றால், ஃப்ளாஷ் வெளிச்சம் தூரம் இரண்டு மடங்கானால் நாலில் ஒரு பங்காகிவிடும், அதனால்தான் மணமக்கள் பளிச்சென்றும் உங்கம்மா இருட்டாகவும் இருக்கிறார். லேப்காரர் மணமக்கள் முகத்துக்கு ஏற்றபடி பிரிண்ட் போட்டிருப்பார். பிரிண்டில் இருட்டாகப் போன இடத்தில் நெகட்டிவில் ஏதாவது இருக்க வாய்ப்பு அதிகம். பின்னால் நிற்பவருக்கு ஏற்றபடி இன்னொரு பிரிண்ட் போட்டுப் பார்க்கலாம், இதில் மெஷின் எதையும் புதிதாகச் சேர்க்காது. அப்புறம் அது 17-ஆம் படம். ஆல்பத்தில் ஒட்டாமல் விட்ட 16-ம் 18-ம் அதே துண்டில் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலை வா.

கெடிலக்கரை:
வருகிறேன் ஐயா. அப்பாவும் வருவேன் என்கிறார். அன்றைக்கு அம்மா கட்டியிருந்தது மயில்கழுத்துப் புடவை என்று அடித்துச் சொல்கிறார், படத்தில் பழுப்பாகத்தான் தெரிகிறது. நெகட்டிவில் நிறம் தெரியுமா?

இருட்டறை:
நெகட்டிவில் நிறம் தலைகீழாகத் தெரியும், பிரிண்ட் போட்டால் நேராகும். அப்பாவை மாடிப்படி ஏற விடாதே, டப்பாவைக் கீழே இறக்கி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.